தோள்சீலையும் கல்மாலையும்: திருவிதாங்கூரில் வறியோரின் உடையணியும் தன்மதிப்பும்

முன்னுரை

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது தமிழில் பெருவழக்குடைய பழமொழி. வறுமையிலும் ஒருவர் காத்துக்கொள்ளத்தக்க தன்மதிப்புக்கு அது தூய்மையை அளவுகோலாக்குகிறது. துணி கந்தையாக இருப்பதற்குப் பொருளின்மையே காரணம் என்பதும், அதைக் கட்டும் முறை கட்டுபவரின் விருப்பத்தைச் சார்ந்தது என்பதும் இப்பழமொழியில் வெளிப்படச் சொல்லப்படாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துகள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரின் உழைக்கும் மக்களைப் பொறுத்தவரை இவ்விரு கருத்துகளும் பொருந்தவில்லை. துணி வாங்கக் காசு உள்ளவரும் அதைத் தோளில் இட முடியாது. பொன் வாங்க இயன்றவரும் கல்லையே அணிய வேண்டும். அங்கு வறியவரின் தோற்றத்தை வறுமை மட்டும் முடிவு செய்யவில்லை. வழக்கமும் அரசாணையும் சேர்ந்தே முடிவு செய்தன.

இக்கட்டுரை திருவிதாங்கூர் அரசின் ஆட்சிப்பகுதியில் நிகழ்ந்த இரு போராட்டங்களை எடுத்துக்கொள்கிறது. முதலாவது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் 1822 முதல் 1859 வரை மூன்று கட்டங்களாக நடந்த தோள்சீலைப் போராட்டம். இரண்டாவது, கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் 1915இல் நடந்த கல்மாலைப் போராட்டம். முதலாவதில் பெண்கள் தமக்கு மறுக்கப்பட்ட ஒன்றை அணிந்தனர். இரண்டாவதில் தம்மீது சுமத்தப்பட்ட ஒன்றைக் களைந்தனர். செயல் வேறுபடினும் கோரிக்கை ஒன்றே. தம் தோற்றத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையே இரு போராட்டங்களின் உட்பொருள் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். மூலச் சான்றுகளில் சாணார் எனக் குறிக்கப்படும் சமூகத்தார் இங்கு நாடார் என்றே குறிக்கப்படுகின்றனர்.

விதிக்கப்பட்ட தோற்றம்

இலண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இலும் 1883இலும் திருவிதாங்கூர் பற்றி இரு நூல்களை வெளியிட்டார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளை அவை விரிவாகப் பதிவு செய்கின்றன. நாடார்கள் குடை பிடித்தல் கூடாது, செருப்பணிதல் கூடாது, பொன் நகை பூணுதல் கூடாது, ஒரு தளத்திற்கு மேற்பட்ட வீடு கட்டுதல் கூடாது. பெண்கள் நீர்க்குடத்தை இடுப்பில் ஏந்திச் செல்லுதலும் உடலின் மேற்பகுதியை மூடுதலும் விலக்கப்பட்டிருந்தன. குடத்தை இடுப்பில் ஏந்துவதற்குக் காசு செலவில்லை. அதையும் விலக்கியிருப்பதால், இத்தடைகளின் நோக்கம் செலவைக் கட்டுப்படுத்துவது அன்று என்பது தெளிவாகிறது. நடையும் நிலையும் கூட ஒருவரின் தாழ்வைக் காட்ட வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

பண்ணையடிமைகளாக வாழ்ந்த புலையர், பறையர் முதலியோரின் நிலை இன்னும் கடுமையானது. அவர்கள் மேலோர் முன் ‘நான்’ என்று சொல்லுதல் கூடாது. ‘அடியேன்’ என்றே சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறு என்னாமல் ‘கரிக்காடி’ என்று இழித்துக் கூற வேண்டும். குடியிருப்பை வீடு என்பதும் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்பதும் விலக்கு; பிள்ளைகளைக் குரங்கு என்றும் கன்று என்றும் குறிக்க வேண்டியிருந்தது. உடையில் இருந்த விதியே சொல்லிலும் இருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லாமல் குறைத்துச் சொல்வதும், உடுத்த இயன்றதை உடுத்தாமல் குறைத்து உடுத்துவதும் ஒரே ஒழுங்கின் இரு பக்கங்கள் எனலாம். 1855இல் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஆணையால் ஒழித்தது. ஆயினும் இவ்வொழுங்கு அதனால் குலையவில்லை.

மார்பைத் திறந்திடுதல் ஒடுக்கப்பட்டவர்க்கு மட்டும் உரிய விதியன்று என்பதும் இங்குச் சுட்டத்தக்கது. தம்மினும் உயர்ந்தவர் எனக் கருதப்பட்டவர் முன் மேலாடையை நீக்குதல் அக்காலத்து மரியாதை. நாயர் பெண்டிரும் நம்பூதிரியர் முன்னும் தெய்வத்தின் முன்னும் அவ்வாறே செய்தனர். வேறுபாடு இதுதான்: மேல்நிலையில் இருந்தவர்க்குச் சிலர் முன் மட்டும் மேலாடை நீங்கியது; கீழ்நிலையில் வைக்கப்பட்டவர்க்கு அதை இடுவதற்கான இடமே இல்லாது போயிற்று.

குப்பாயம் போதவில்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறித்தவம் பரவியது. 1806இல் வந்த ரிங்கல்தௌபே மயிலாடியில் பணியாற்றினார். அவருக்குப் பின் சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட் முதலியோர் நாகர்கோவிலை மையமாகக் கொண்டு பணிபுரிந்தனர். பனையேற்றைத் தொழிலாகக் கொண்ட நாடார் குடும்பங்கள் பெருமளவில் திருச்சபையில் சேர்ந்தன. ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1810களில் பிறப்பித்த ஆணை, கிறித்தவப் பெண்கள் சிரியன் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணிய இசைவளித்தது. குப்பாயம் என்பது தளர்வான சட்டை போன்ற தைத்த மேலுடை.

சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது. பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. நாயர் பெண்டிர் அணிவது போன்ற மேல்துணியை, அதாவது தோள்சீலையை, குப்பாயத்தின் மேல் இட்டுக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் வந்தனர். 1822இல் கல்குளம் பகுதியில் அவர்கள் தாக்கப்பட்டனர். துணிகள் பறித்துக் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறித்தவப் பெண்கள் மேலுடல் மூடுவதற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எனினும் 1827க்குப் பின் கலகம் மீண்டும் மூண்டது. 1829 பிப்ரவரியில் ஆட்சிப்பொறுப்பில் இருந்த கௌரி பார்வதி பாயின் அரசு ஆணையொன்றை வெளியிட்டது. அதன்படி குப்பாயத்திற்குத் தடையில்லை. தோள்சீலைக்குத் தடை உண்டு.

இந்நிலையில் மூன்று தரப்பினரின் நோக்கும் மூன்று வகையாக இருந்தமையை வேறுபடுத்திக் காண வேண்டும். மிஷனரிமார்க்கு இது நாணமும் ஒழுக்கமும் பற்றிய வினா. உடல் மூடப்பட்டால் அவர்களது நோக்கம் நிறைவேறிவிடும். அதற்குக் குப்பாயம் போதும். அரசுக்கு இது சமூக ஒழுங்கு பற்றிய வினா. குப்பாயம் அணிந்தவர் இன்னார் எனத் தொலைவிலிருந்தே தெரியும். ஆகவே அது ஏற்கத்தக்கது. தோள்சீலை அந்த வேறுபாட்டை அழித்துவிடும். ஆகவே அது ஏற்கத்தகாதது. பெண்களின் நோக்கு எழுத்தில் மிகுதியும் பதிவாகவில்லை. ஆயின் செயலில் பதிவாகியுள்ளது. உடலை மூடுவது மட்டுமே அவர்களது விருப்பமாக இருந்திருப்பின் குப்பாயத்தோடு போராட்டம் முடிந்திருக்கும். அடியும் தீவைப்பும் நேரும் என்று அறிந்தும் அதன்மேல் ஒரு துணியை இட்டுக்கொண்டனர் என்பதால், அவர்கள் கேட்டது மறைப்பை அன்று, முறையை என்பது பெறப்படும்.

இம்முடிவுக்கு 1859ஆம் ஆண்டு ஆணை வலுச்சேர்க்கிறது. 1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் அறிக்கை வெளியானதைத் தொடர்ந்து போராட்டத்தின் மூன்றாம் கட்டம் தொடங்கியது. இம்முறை கிறித்தவரல்லாத நாடார் பெண்களும் தோள்சீலை அணிந்தனர். சமய மாற்றத்தின் விளைவாக மட்டுமே இப்போராட்டத்தை விளக்குவோர்க்கு இவ்வுண்மை இடர் தருவது. வீடுகள் எரிக்கப்பட்டன, சந்தைகளில் பெண்கள் தாக்கப்பட்டனர். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் தலையிட்டு வற்புறுத்தியதன் பின்னர், உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மாவின் அரசு 1859 ஜூலை 26இல் ஆணை வெளியிட்டது. அப்போது திவானாக இருந்தவர் மாதவராவ். எச்சமயத்தைச் சார்ந்த நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மூடலாம். ஆயின் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது என்பது அதன் சாரம். மறைப்பதற்கு எல்லா வழிகளையும் திறந்துவிட்டு, ஒரேயொரு பாணியை மட்டும் அடைத்துவைத்த ஆணை அது. நாற்பதாண்டுப் பூசல் எதைக் குறித்தது என்பதற்கு ஆட்சியாளர் தாமே அளித்த ஒப்புதலாக அதனைக் கொள்ளலாம்.

இதே காலத்தில் நாகர்கோவிலில் நிகழ்ந்த மற்றொரு செயலையும் உடன்வைத்துக் காணுதல் தகும். 1820களில் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தார். நூலைக் குறுங்கழிகளில் சுற்றித் திண்டின்மேல் ஊசியிட்டுப் பின்னும் நுண்ணிய வேலை அது. அப்பின்னல்கள் ஐரோப்பியப் பெண்டிரின் உடைகளுக்குக் கரையாயின. அப்பள்ளியில் பயின்ற அடிமைப் பெண்களுள் சிலர் அவ்வருவாயைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றதாக மிஷன் பதிவுகள் கூறும். பிறர் தோளுக்கு அழகு செய்யும் கைத்திறனுக்கு விலை உண்டு. அதே கைகளுக்குரியவர் தம் தோளில் ஒரு துணி இடுவதற்குத் தடை உண்டு. அழகுணர்வு வறியவர்க்கு இல்லை என்று அக்காலச் சமூகம் கருதவில்லை. அதனைத் தமக்கெனப் பயன்படுத்தும் உரிமையையே மறுத்தது.

சும்மாடும் தலைப்பாகையும்

ஆண்களின் உடையிலும் இத்தகைய முரண் இருந்தது. சுமை தூக்குபவர் தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடாக வைக்கலாம். அதே துணியைத் தலைப்பாகையாகக் கட்டலாகாது. துணி ஒன்றே, சுமைக்குக் கீழ் இருக்கும்போது அது குற்றமாகாது.

சாமித்தோப்பைச் சேர்ந்த அய்யா வைகுண்டர் (1809–1851) இம்முரணைத் தம் வழிபாட்டு முறையாலேயே எதிர்கொண்டார். சுவாதித் திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைக்கப்பட்டு மீண்ட அவர், தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகை அணிந்து வழிபடச் செய்தார். அவ்வழக்கம் இன்றளவும் அய்யாவழிப் பதிகளில் நிலைத்துள்ளது. பள்ளியறையில் கண்ணாடி உள்ளது. பாகை கட்டி நிற்கும் அடியவர் அதில் தம் உருவத்தையே காண்கிறார். வைகுண்டர் ஏற்படுத்திய துவையல் தவசில் குடும்பங்கள் பல ஒருங்கே தங்கி, நாள்தோறும் பலமுறை ஆடை துவைத்து, நீராடி, சமைத்துண்டு வாழ்ந்தன. ‘கசக்கிக் கட்டு’ என்னும் அறிவுரை இங்குத் தனிமனிதர்க்குரிய ஒழுக்கமாக நில்லாமல் ஒரு சமூகத்தின் கூட்டுப்பயிற்சியாக வளர்ந்தது. தலைப்பாகையும் அதனோடு இணைந்தமையால், தூய்மையோடு நின்றுவிடாமல் நிமிர்வையும் அது தன்னுள் கொண்டது.

களையப்பட்ட கல்மாலை

புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளி (1863–1941) வெங்ஙானூரைச் சேர்ந்தவர். 1893இல் அவர் வில்வண்டி ஒன்றை வாங்கி, வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையும் அணிந்து, தம்மவர்க்கு விலக்கப்பட்டிருந்த பொதுவழியில் அதைச் செலுத்தினார். வழியின் உரிமையும் உடையின் உரிமையும் ஒரே பயணத்தில் கோரப்பட்டன. 1907இல் அவர் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கோரி வயல்வேலையை நிறுத்திய போராட்டமும் அக்காலத்தை ஒட்டியதே. பின்னர்த் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரசா சபையில் உறுப்பினராகி, கால் நூற்றாண்டுக் காலம் அங்குத் தம் மக்களுக்காகப் பேசினார்.

புலையப் பெண்கள் அக்காலத்தில் கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலைகளைப் பல சரங்களாக அணிந்தனர்; காதில் இரும்பு வளையம் இட்டனர். பொன்னும் வெள்ளியும் அவர்களுக்கு விலக்கு. கல்மாலை வறுமைக்கேற்ற மலிவான அணி போலத் தோன்றும். ஆயின் அதைக் கழற்றுவதற்கும் உரிமையில்லை என்னுமிடத்தில் அது அணியாகாமல் அடையாளக் குறியாகிவிடுகிறது. சங்கத்தின் தொண்டரான கோபாலதாசன் கொல்லத்தை அடுத்த ஊர்களில் கல்மாலையைக் களையுமாறு பெண்களிடையே பரப்புரை செய்தார். பலர் களைந்தனர், எதிர்ப்பும் உடன் கிளம்பியது. 1915 அக்டோபரில் பெரிநாட்டில் நடந்த கூட்டம் தாக்கப்பட்டது. கலவரத்தில் குடிசைகள் எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர்.

அய்யன்காளி கொல்லத்திற்கு வந்து, அவ்வாண்டு டிசம்பரில் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டினார். நாயர் சமூகத் தலைவர்களுள் ஒருவரான சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை தாங்கினார். கல்மாலையைக் களைவதற்கு அங்கிருந்த மேல்சாதியினரின் இசைவு வெளிப்படையாகப் பெறப்பட்டது. பின்னர்ப் பெண்கள் அக்கூட்டத்திலேயே மாலைகளை அறுத்தெறிந்தனர். கல்லும் மணியும் குவியலாயின. மறைவில் கழற்றுவதாயின் எளிது. பலர் முன்னிலையில், தடுத்தவர்களின் இனத்தவர் காண, அதைச் செய்தமையே அந்நிகழ்வின் பொருள். வழக்குகளில் தமக்காக வாதிட்டவர்க்குக் கட்டணம் தர இயலாத புலையர்கள் அதற்கு ஈடாகக் குளம் வெட்டிக் கொடுத்தனர் என்பதும், கொல்லத்துக் கம்மான்குளம் அதுவே என்பதும் அவ்வூர் வழக்கு. வழக்குக் கட்டணம் தர இயலாதவர்கள் கழுத்தணிக்காக ஊரையும் குடிசையையும் இழக்கத் துணிந்தனர் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

முதலில் கூலியும் கல்வியும், பிறகே உடையும் அணியும் என்று சமூக இயக்கங்களை வரிசைப்படுத்தும் பார்வை ஆய்வுலகில் உண்டு. திருவிதாங்கூர்ச் சான்று அவ்வரிசைக்கு இடம் தரவில்லை. பள்ளிக்காக வேலையை நிறுத்திய அதே மக்கள், அதே சங்கத்தின் வழி, சில ஆண்டுகளுக்குள் கல்மாலையையும் களைந்தனர். வகுப்பில் அமர வேண்டிய பெண்ணின் கழுத்தில் அடிமைக்குறி இருத்தலாகாது என்பது அவர்களுக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது.

பிற இடங்களில்

திருவிதாங்கூரின் பட்டறிவு தனித்த ஒன்றன்று. மராட்டியப் பகுதியில் மகாடு நகரில் 1927 டிசம்பரில் நடந்த மாநாட்டின்போது அம்பேத்கர் ஒடுக்கப்பட்ட பெண்களிடம் தனியே உரையாற்றினார். சேலையைப் பிறர் உடுத்தும் முறையிலேயே உடுத்துமாறும், கழுத்திலும் கையிலும் காலிலும் சுமையாகக் கிடக்கும் மலிவான உலோக அணிகளை விடுமாறும், துணி பழையதாயினும் தூயதாக இருக்கட்டும் என்றும் கூறினார். பெண்கள் உடனே சேலை கட்டும் முறையை மாற்றிக்கொண்டனர். பெரிநாட்டில் அறுத்தெறிதல், மகாட்டில் மாற்றிக்கட்டுதல். இரண்டும் ஒரே திசையின.

தமிழகத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். ஹட்டன் தம் சாதி பற்றிய நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார். பொன், வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது, சட்டை, பனியன் அணியலாகாது, முடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, வீட்டில் மண்பாண்டமே பயன்படுத்த வேண்டும், பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைத்தலாகாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. எட்டில் ஏழு தோற்றத்தைப் பற்றியவை. பூவும் மஞ்சளும் ஏழைக்கும் எட்டக்கூடியவை. அதனாலேயே அவற்றுக்கும் தனித்தடை தேவைப்பட்டது.

இப்பின்னணியில் அக்காலத் தலைவர் இருவரின் உடையை வேறொரு நோக்கில் காணலாம். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் மேலாடை துறந்து அரையாடைக்கு மாறியது வறியோருடன் தம்மை ஒன்றுபடுத்திக்கொண்ட செயல். அதன் நேர்மை ஐயத்திற்குரியதன்று. ஆயினும் துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். தோள்சீலைக்காக அடிபட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு மேலாடை துறத்தல் உயர்வின் குறியாக இருந்திருக்க இயலாது. அம்பேத்கரின் கோட்டும் கழுத்துப்பட்டையும், அய்யன்காளியின் கோட்டும் தலைப்பாகையும் ஆடம்பரமாக அன்றி விடுதலையாகவே அவர்களுக்குப் பொருள்பட்டன. திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் 1980இல் திறக்கப்பட்ட அய்யன்காளி சிலையும் அக்கோலத்திலேயே நிற்கிறது.

சான்றுகளைப் படிக்கும் முறை

இவ்வரலாறு நம் ஆய்வுமுறைக்கும் ஓர் எச்சரிக்கையாகும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல் போன்ற இனவரைவுகள், ஒவ்வொரு சமூகத்தின் உடையையும் அணியையும் அதன் இயல்புகளுள் ஒன்றாக வரிசைப்படுத்தின. விதிக்கப்பட்டதும் விரும்பப்பட்டதும் அப்பட்டியலில் வேறுபாடின்றி ஒன்றாகிவிடுகின்றன. நிழற்படமும் அவ்வாறே. படத்தில் உள்ள பெண்ணின் கழுத்தில் மணிச்சரம் தெரியும். அதைக் கழற்றினால் என்ன நேரும் என்பது தெரியாது. விதிக்கப்பட்ட கல்லையும் நிறம் பார்த்துக் கோத்து அழகு செய்துகொண்டோர் இருந்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஒடுக்குமுறை மனிதரின் சுவையுணர்வை முற்றாக அழித்துவிடுவதில்லை. ஆயின் அச்சுவையுணர்வைக் காட்டி ஒடுக்குமுறையை மறைத்தலும் கூடாது.

புனைகதைகளிலும் நாட்டார் வழக்காறுகளிலும் வறியவரின் எளிய தோற்றம் பெரும்பாலும் அவரது நல்லியல்பின் குறியாகப் புகழப்படுகிறது. ஆய்வாளர் அதை எதிர்கொள்ளும்போது, அவ்வெளிமை தேர்ந்துகொண்டதா, இல்லாமையால் நேர்ந்ததா, ஆணையால் வந்ததா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவற்றைப் பிரித்தறியாத புகழ்ச்சி, பழைய ஆணையையே இனிய சொற்களால் மீண்டும் கூறுவதாகிவிடும்.

முடிவுரை

குப்பாயத்திற்கு இசைந்து தோள்சீலையைத் தடுத்த 1829, 1859 ஆணைகள், உடலை மூடுதலைவிட மூடும் முறையே பூசலின் மையம் என்பதைக் காட்டுகின்றன. பெரிநாட்டுக் கல்மாலை, வறியவரின் அணி என்று காணப்படும் ஒன்று வறுமையால் வாராமல் கட்டளையால் வந்ததாக இருக்கக்கூடும் என்பதை உணர்த்துகிறது. தன்மதிப்பைத் தூய்மையளவில் வரையறுக்கும் பழமொழியை இம்மக்கள் மறுக்கவில்லை, துவைத்தும் கட்டினர். ஆனால் துவைத்ததை எப்படிக் கட்டுவது என்பதையும் தமதாக்கிக்கொண்டனர்.

இவ்வினா இன்றும் முடிந்துவிடவில்லை. 2017இல் குசராத்தில் மீசை வைத்திருந்தமைக்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தபோது, அதனை எதிர்த்துப் பலர் தம் மீசையுடன் கூடிய படங்களைப் பொதுவெளியில் வெளியிட்டனர். உதவி நாடி வருபவர் நன்றாக உடுத்தியிருந்தால் ‘இவர் உண்மையில் ஏழைதானா’ என்னும் ஐயம் படித்தவர் நெஞ்சிலும் எழுகிறது. ஏழை ஏழையாகத் தோன்ற வேண்டும் என்னும் அவ்வெதிர்பார்ப்புக்கு நெடிய வரலாறு உண்டு. 1859இல் அது அரசாணையாக அச்சேறியது. ஆணை வழக்கொழிந்த பின்னரும் எதிர்பார்ப்பு எஞ்சியிருக்கிறது. அதனை இனங்காண, கல்குளத்துச் சந்தையிலும் கொல்லத்துக் கூட்டத்திலும் பெண்கள் செய்த செயல்களை அவற்றுக்குரிய பொருளில் படிப்பது முதற்படியாகும்.